இலாபமும் தர்மமும்: கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்களின் வாழ்வு உணர்த்தும் பாடம்

  



ஆண்டுதோறும் நமது ஜமாஅத்தின் வரவு செலவு அறிக்கை உங்கள் கைகளுக்கு வருகின்றது. அதன் ஒரு பக்கத்தில் வாடகை வரவும், மறுபக்கத்தில் ஏழைகளுக்கான மருத்துவ உதவியும் கல்வி உதவியும் இடம் பெறுகின்றன. முன்னது வணிகம், பின்னது தர்மம். இவ்விரண்டும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்பதைக் காணும் நம்மில் சிலர், தர்மம் செய்யும் அமைப்பு எவரிடமும் பணம் வாங்கலாகாது என்கின்றனர். வேறு சிலர், பணம் வரும் வழியைப் பார்க்காத தர்மம் பத்து ஆண்டுகள் நிலைக்காது என்கின்றனர். இரு சாராரும் நல்லெண்ணத்துடனேயே பேசுகின்றனர். ஆயினும், வணிகத்தின் நோக்கம் எது, தர்மத்தின் நோக்கம் எது, இரண்டும் எங்கே சேரலாம், எங்கே சேரலாகாது என்பதை நாம் அமர்ந்து சிந்தித்ததில்லை.

இக்கேள்விக்கு ஏட்டறிவால் விடை தேடுவதைக் காட்டிலும், அதைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலால் ஆராய்ந்த ஒரு மனிதரின் வரலாற்றைப் பார்ப்பது நலம் என்று கருதுகின்றோம். அவர் நமது மார்க்கத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும், பொட்டிபுரத்திலும் போடியிலும் அவர் நிறுவிய மருத்துவமனையால் பார்வை பெற்ற முதியவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அவர்தாம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர், டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள்.

கரிசல் மண்ணில் பிறப்பு

1918ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் முதல் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரம் என்னும் சிற்றூரில், ஓர் உழவர் குடும்பத்தின் மூத்த மகனாக அவர் பிறந்தார். மழையை நம்பி வாழும் கரிசல் பூமி அது. அவர் எழுதப் படித்த தொடக்க நாள்களில் ஊரில் பலகையோ தாளோ கிடையாது. ஆற்று மணலைக் கொண்டு வந்து தரையில் பரப்பி, விரலால் எழுத்துக்களை எழுதிக் கற்றனர்.

அவருடைய சிறு வயதில், உறவில் சகோதரிகளான மூன்று பெண்கள் அடுத்தடுத்துப் பேறுகாலத்தை ஒட்டி இறந்தனர். அருகில் மருத்துவர் எவரும் இல்லை. தாம் மருத்துவராகி, பேறுகாலத் தாய்மார்களைக் காக்க வேண்டும் என்ற உறுதி அந்தப் பிள்ளை மனத்தில் அன்று வேரூன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1944இல் மருத்துவரானார். உடனே இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

மனிதன் ஒரு கணக்குப் போடுகின்றான், இறைவன் நாட்டம் வேறொன்றாக அமைகின்றது. கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. 1948இல் இராணுவப் பணியிலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. நீண்ட காலம் படுக்கையிலேயே கிடந்தார். நிற்க இயலவில்லை, நடக்க இயலவில்லை. கைவிரல்கள் வளைந்து முறுக்கேறிப் போயின. மகப்பேறு மருத்துவர் ஆகும் கனவு அத்துடன் முடிந்தது.

முடங்கிய விரல்களால் நுண்ணிய பணி

எழுந்து நடமாடும் நிலைக்கு வந்தபின், அமர்ந்தவாறு செய்யத்தக்க பணி என்ற வகையில் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். 1951இல் கண் மருத்துவப் பட்டயமும், 1954இல் கண் அறுவைச் சிகிச்சையில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். வளைந்த விரல்களால் முதலில் எழுதுகோலைப் பிடிக்கப் பழகினார். அடுத்து அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். தம் கைக்குப் பொருந்தும்படி கருவிகளை அமைத்துக் கொண்டார். உடலில் மிக நுண்ணிய உறுப்பாகிய கண்ணில், உருக்குலைந்த விரல்களைக் கொண்டு அவர் தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார் என்பது வியப்புக்குரிய உண்மையாகும்.

1956ஆம் ஆண்டில் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், இன்று இராஜாஜி மருத்துவமனை என்று அழைக்கப்படும் அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். அந்நாளில் நம் நாட்டில் பார்வையிழப்பிற்குக் கண்புரையே தலையாய காரணமாக இருந்தது. அது மருந்தால் தீராது. ஆனால் சிறிய அறுவைச் சிகிச்சையால் பார்வையை மீட்டுவிடலாம். அவ்வாறிருந்தும் இலட்சக்கணக்கானோர் இருளில் வாழ்ந்தனர். கண் மங்குவது முதுமையின் விதி என்று எண்ணி வீட்டின் மூலையில் முடங்கினர். மருத்துவமனைக்கு அவர்கள் வரமாட்டார்கள் என்றால், மருத்துவர் அவர்களிடம் செல்ல வேண்டும் என்று வெங்கடசாமி அவர்கள் முடிவு செய்தார். ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1973இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

பதினொரு படுக்கைகள்

1976இல் அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். திருமணம் செய்து கொள்ளாதவர். ஓய்வூதியம் உண்டு, பெயர் உண்டு. தனியாக மருத்துவமனை வைத்திருந்தால் பெருஞ்செல்வம் சேர்த்திருக்கலாம். நோயுற்ற உடலைக் காரணம் காட்டி வீட்டில் அமர்ந்திருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். இரண்டையும் அவர் விரும்பவில்லை. கோவெல் அறக்கட்டளை என்ற பெயரில் ஓர் அமைப்பைப் பதிவு செய்து, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளுடன் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் பின்பற்றிய ஞானி அரவிந்தரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

வங்கிகள் அவருக்குக் கடன் தர முன்வரவில்லை. ஐம்பத்தெட்டு வயதை நெருங்கிய, உடல் நலிவுற்ற ஒருவர், பணம் தர இயலாத நோயாளிகளுக்காக மருத்துவமனை கட்டப் போகின்றேன் என்றால், கடன் கொடுப்பவர் தயங்குவது இயல்பே. வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்துப் பெண்களின் நகைகள் அடகுக்குச் சென்றன. தங்கை மருத்துவர் நாச்சியாரும், அவர்தம் கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமியும், கட்டுமானத் தொழில் அறிந்த தம்பி சீனிவாசனும், ஏனைய உடன்பிறப்புகளும் அவர்தம் வாழ்க்கைத் துணைவர்களும் அவருடன் தோள் கொடுத்து நின்றனர். ஒரு மனிதர் தியாகம் செய்வதைக் காட்டிலும், ஒரு குடும்பமே அத்தியாகத்தில் உடன்படுவது கடினம். அது அங்கு நடந்தது.

அந்தப் பதினொரு படுக்கைகளிலேயே பின்னாளைய பேரமைப்பு முழுவதற்கும் உரிய வித்து இருந்தது. ஒரு பகுதி கட்டணம் தருவோர்க்கு, மறுபகுதி தர இயலாதோர்க்கு. முன்னவர் தரும் பணத்தில் மீதமானது பின்னவரின் சிகிச்சைக்கும், அடுத்த அறை கட்டுவதற்கும் பயன்பட்டது. பணம் சேரச் சேரக் கட்டடம் தளம் தளமாக உயர்ந்தது. 1981இல் மதுரையில் பெரிய மருத்துவமனை எழுந்தது. 1984இல் இலவச நோயாளிகளுக்கென்றே 350 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப் பெற்றது. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என அது கிளைத்தது.

நோக்கங்கள் இரண்டு

இங்கு சற்று நின்று சிந்திப்போம். வணிகம் என்பது இழிவானதன்று. முதலிட்டவருக்கு ஆதாயம் தருவதே அதன் நோக்கம். நமது ஊரில் ஏலக்காய் வாங்கி விற்கும் வியாபாரி, காயின் தரம் பார்த்து, ஏலத்தில் விலை கேட்டு, செலவு போக எஞ்சுவதைத் தம் குடும்பத்திற்குக் கொண்டு செல்கின்றார். அது அவருக்கு ஹலாலான வருவாய். ஆனால் அந்த வணிகத்தின் வாசலில் நிற்கத் தகுதி ஒன்று வேண்டும். கையில் பணம் இருக்க வேண்டும். இல்லாதவரை வணிகர் விரட்டுவதில்லை, அவரைக் கணக்கில் எடுப்பதில்லை, அவ்வளவே.

தர்ம அமைப்பின் நோக்கம் இதற்கு நேர்மாறானது. பணமில்லாத அந்த மனிதரிடமிருந்தே அதன் கணக்கு தொடங்குகின்றது. இவ்வாண்டு எவ்வளவு மிஞ்சியது என்பது வணிகரின் கேள்வி. இவ்வாண்டு எத்தனை பேருடைய துன்பம் நீங்கியது என்பது தர்மத்தின் கேள்வி. வணிகத்தில் ஆதாயம் இலக்கு, சேவை அதற்கு வழி. தர்மத்தில் சேவை இலக்கு, பணம் அதற்கு வழி.

ஆனால் தர்மத்திற்கு ஒரு பலவீனம் உண்டு. வணிகர் தவறு செய்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குச் சென்று விடுவார், நட்டம் உடனே தெரிந்துவிடும். தர்ம அமைப்பு தவறு செய்தால், பயன் பெறுபவர் வாய் திறப்பதில்லை. இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்வது நன்றி கெட்ட செயல் என்று அவரும் எண்ணுகின்றார், கொடுப்பவரும் எண்ணுகின்றார். இதனால் காலத்தை வீணாக்குவதும், தரத்தைக் குறைப்பதும், நன்கொடையாளர் முகத்தை எதிர்பார்த்தே வாழ்வதும் தர்ம அமைப்புகளின் நோய்களாகி விடுகின்றன. நன்கொடையாளர் மறைந்தால் வாசலும் மூடப்படுகின்றது.

வெங்கடசாமி அவர்களின் பெருமை, இந்நோயை இனங்கண்டதில் உள்ளது. நோக்கத்தைத் தர்மத்திடமிருந்தும், ஒழுங்கை வணிகத்திடமிருந்தும் அவர் எடுத்துக் கொண்டார். இரண்டையும் இடம் மாற்றிவிடாமல் இறுதிவரை காத்தார்.

வணிகரிடம் கற்ற ஒழுங்கு

அமெரிக்கா சென்றிருந்தபோது, மெக்டொனால்ட்ஸ் என்னும் உணவுக் கடைகளைக் கண்டு அவர் வியந்தார். எந்த ஊரில், எந்தக் கிளையில் வாங்கினாலும் ஒரே சுவை, ஒரே அளவு, ஒரே தூய்மை. சாதாரணப் பணியாளர்களைப் பயிற்றுவித்தே இதைச் செய்கின்றனர். ஒரு சிற்றுண்டியை உலகெங்கும் இவ்வாறு கொடுக்க முடியுமானால், கண் சிகிச்சையை ஏன் கொடுக்க முடியாது என்பதே அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி.

கண்புரை அறுவையில் மருத்துவரே செய்தாக வேண்டிய பகுதி சில நிமிடங்களே. நோயாளியைத் தயார் செய்வது, கண்ணை அளப்பது, மருந்து இடுவது, கட்டுப் போடுவது ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவர் எவரும் செய்யலாம். எனவே, சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களைத் தேர்ந்து இரண்டாண்டுகள் பயிற்சி அளித்தனர். அறுவை அரங்கில் மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடைபெறும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாகி விடுவார். மருத்துவர் ஒன்றை முடித்துத் திரும்பினால் அடுத்தது காத்திருக்கும். இவ்வகையில் அங்குள்ள ஒரு மருத்துவர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் அறுவைகள் செய்ய முடிந்தது. நாட்டில் பொதுவாக ஒரு கண் மருத்துவர் செய்வது சில நூறுகளே.

இதனால் செலவு எவ்வாறு குறைகின்றது என்பதை நம் மலைத்தோட்டத்தார் எளிதில் உணர்வர். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தட்டுகள் பாதி நிரம்பியிருந்தாலும் அதே விறகுதான் எரிய வேண்டும், முழுவதும் நிரம்பியிருந்தாலும் ஏறத்தாழ அதே விறகுதான். நிரம்பிய ஸ்டோரில் ஒரு கிலோ காய்க்கு ஆகும் செலவு குறைவு. அறுவை அரங்கும் அப்படியே. கட்டடம், கருவிகள், மருத்துவரின் ஊதியம் ஆகியவை மாறாதவை. அவற்றைப் பல்லாயிரம் பேருக்குப் பங்கிடும்போது ஒருவருக்கு ஆகும் செலவு சுருங்குகின்றது. ஆகவே, கட்டணம் தருபவரிடம் கூடுதலாகக் கறந்து ஏழைக்குக் கொடுத்தார்கள் என்று எண்ணுவது தவறு. கட்டணம் தருபவரும் நியாயமான கட்டணமே தந்தார். செலவு சுருங்கியதாலேயே மீதம் உண்டானது.

எண்ணிக்கை பெருகினால் தரம் கெடும் என்று ஐயுறுவோர் உண்டு. அங்கு நடந்த அறுவைகளில் ஏற்பட்ட சிக்கல்களைப் பிரிட்டன் நாட்டுக் கணக்குடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவர்களுடைய நிலை தாழ்ந்ததாக இல்லை. ஒரே பணியை நாள்தோறும் செய்யும் கை தேர்ச்சி பெறுகின்றது.

இரு வாசல்கள், ஒரே மருத்துவர்

இம்மருத்துவமனையில் நம் சிந்தனையைப் பெரிதும் ஈர்ப்பது மற்றொன்று. இலவசப் பிரிவுக்குச் செல்பவரிடம் வறுமைச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பதை நோயாளியே முடிவு செய்கின்றார். கட்டணப் பிரிவில் தனி அறை, குளிர்சாதனம், கட்டில் போன்ற வசதிகள் உண்டு. இலவசப் பிரிவில் பொதுக்கூடமும் பாயும். அறுவை செய்யும் மருத்துவர்களோ முறை வைத்து இரு பிரிவிலும் பணியாற்றுகின்றனர். ஏழைக்குக் கற்றுக்குட்டி, செல்வர்க்கு வல்லுநர் என்ற பாகுபாடு இல்லை.

பிறரிடம் தன் வறுமையை நிறுவிக் காட்டச் சொல்வது மானமுள்ள மனிதனுக்கு நோயினும் பெரிய வேதனை. உதவி தேவைப்பட்டும் கேட்க நாணி ஒதுங்கி நிற்போர் நமது மஹல்லாவிலும் உண்டு. அவர்களுடைய மானத்தைக் காப்பதும் தர்மத்தின் ஒரு பகுதியே. வசதியுள்ள சிலர் இலவச வாசலில் நுழைந்து விடுவார்களே என்ற அச்சத்தை வெங்கடசாமி அவர்கள் பொருட்படுத்தவில்லை. அந்தச் சிலரைத் தடுப்பதற்காகப் பல்லாயிரம் ஏழைகளைக் கூனிக் குறுக வைப்பது அவருக்கு உடன்பாடாக இருந்ததில்லை.

முகாம்களிலும் ஒரு பாடம் கிடைத்தது. அறுவை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. காரணம் ஆராயப்பட்டது. பேருந்துக் கட்டணம் இல்லை, உணவுக்கு வழியில்லை, அன்றாடக் கூலியை இழந்து உடன் வர ஆளில்லை என்பன தெரிய வந்தன. சிகிச்சை இலவசமானாலும் சிகிச்சைக்குச் செல்வது இலவசமன்று. அதன்பின் முகாமிலிருந்தே வாகனத்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, அறுவை முடித்து, ஊர் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. தர்மம் என்பது கையை நீட்டிக் கொடுப்பதோடு முடிவதில்லை, கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

லென்ஸ் விலையும் ஏழையின் பார்வையும்

நல்ல அமைப்பிலும் சோதனை வரும். கண்புரையை அகற்றிய பின், முன்னாளில் தடித்த கண்ணாடியே அணிவித்தனர். சோடாபுட்டிக் கண்ணாடி என்று நம் மக்கள் அதைச் சொல்வர். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் இருள்தான். பின்னர்க் கண்ணுக்குள்ளேயே பொருத்தும் செயற்கை லென்ஸ் வந்தது. பார்வை ஏறக்குறைய இயற்கைபோல் அமைந்தது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஒன்றின் விலை ஏறத்தாழ நூறு டாலர். கட்டணம் தருவோர்க்கு லென்ஸ், ஏழைக்குக் கண்ணாடி என்ற நிலை உருவாயிற்று. இரு வாசல்களுக்கும் ஒரே மருத்துவர் என்ற கொள்கைக்கு இது நேர் முரண்.

இங்குதான் இரு நோக்கங்களும் நேருக்கு நேர் மோதின. லென்ஸ் தயாரித்த நிறுவனங்களுக்கு, அந்த விலை கொடுப்போர் மட்டுமே சந்தை. அதில் அவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை. அவர்களுடைய நோக்கம் அவ்வளவே. ஆனால் தர்மம் அங்கே நின்றுவிட முடியாது. அயல்நாட்டு நண்பர்களின் தொழில்நுட்ப உதவியுடன், 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்சாலை தொடங்கப் பெற்றது. அதுவும் அறக்கட்டளையே. லென்ஸின் விலை பத்து டாலர் அளவிற்கு இறங்கியது, பின்னர் அதனினும் குறைந்தது. மதுரையில் செய்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. ஆலை நடத்தினார்கள், பொருளை விற்றார்கள், மீதமும் பார்த்தார்கள். ஆனால் விலையை நிர்ணயித்தது, சந்தை எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியன்று. ஏழைக்கு எவ்வளவில் கிடைக்க வேண்டும் என்ற கேள்வியே.

அதே 1992இல், லயன்ஸ் சங்கத்தின் துணையுடன் ஒரு பயிற்சி நிறுவனத்தையும் தொடங்கினர். தாங்கள் கற்ற முறைகள் யாவற்றையும் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுக் கொடுப்பதே அதன் பணி. வணிகர் தம் தொழில் நுணுக்கத்தைப் போட்டியாளரிடம் சொல்லமாட்டார், சொன்னால் கடை நொடித்துவிடும். தர்மத்திற்குப் போட்டியாளர் கிடையாது. அதே பணியை மற்றொருவர் செய்தால் அதன் நோக்கம் விரைவில் நிறைவேறும். இந்தியாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் இவர்களிடம் கற்றன. ஓர் அமைப்பின் உண்மையான நோக்கம் ஆதாயமா, சேவையா என்று அறிய விரும்புவோர், தன் அறிவை அது பூட்டி வைக்கின்றதா, பகிர்கின்றதா என்று பார்த்தாலே போதும்.

தேனியும் நம் மலையடிவாரமும்

மதுரைக்கு வெளியே முதலில் எழுந்த கிளை, அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த தேனியில், 1985இல் அமைந்தது. நம் பகுதி மக்களுக்கு இது பெரும்பேறு. மலையில் காய் எடுக்கவும் களை வெட்டவும் அதிகாலையில் ஜீப்பில் ஏறும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கண்ணே முதல். ஏலச்செடியின் அடியில் குனிந்து, முற்றிய காயையும் பிஞ்சையும் நிழலில் பிரித்தறிய வேண்டும். பார்வை மங்கியவரை எந்தத் தோட்டத்திலும் வேலைக்குச் சேர்க்க மாட்டார்கள். ஒரு கூலித் தொழிலாளியின் கண்ணில் படரும் புரை, அவர் குடும்பத்தின் அடுப்பையும் அணைத்துவிடும். அறுவை முடிந்து ஒரு மூதாட்டி மீண்டும் பார்வை பெறும்போது, அவரைப் பார்த்துக் கொள்வதற்காக வீட்டில் நின்றுவிட்ட பேத்தியும் பள்ளிக்குத் திரும்புகின்றாள்.

2004ஐ ஒட்டிய ஆண்டுகளில், தேனி மருத்துவமனையை மையமாகக் கொண்டு, போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் சிறு பார்வை மையங்கள் அமைந்தன. கம்பியில்லாத் தொடர்பின் வழியாகத் தேனியில் உள்ள மருத்துவர் நோயாளியை நேரில் காண்பதுபோல் கண்டு ஆலோசனை கூறினார். கண்ணாடி மாற்றுவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து தேனிவரை செல்ல வேண்டிய அவசியம் பலருக்கு நீங்கியது.

2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், தமது எண்பத்தேழாம் வயதில் வெங்கடசாமி அவர்கள் மதுரையில் காலமானார். தாம் நிறுவிய மருத்துவமனையில் அவர் ஊதியம் பெற்றதில்லை. அரசு ஓய்வூதியத்தைக் கொண்டே எளிமையாக வாழ்ந்தார். அவருக்குப் பின்னும் பணி தளரவில்லை. 2008இல் கேட்ஸ் விருதும், 2010இல் ஹில்டன் மனிதநேய விருதும் அந்த மருத்துவமனையைத் தேடி வந்தன. பதினொரு படுக்கைகளில் தொடங்கிய அமைப்பு, 2010களின் பிற்பகுதியில் ஆண்டொன்றுக்கு நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்தது. அவற்றில் ஏறத்தாழப் பாதி, இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்பட்டவை.

எல்லைகளையும் அறிவோம்

இவ்வழி எல்லாத் தர்மங்களுக்கும் பொருந்தும் என்று கூற நாம் துணியவில்லை. கண்புரை செல்வருக்கும் வரும், ஏழைக்கும் வரும். சிகிச்சை ஒரே வகையானது, விரைவில் முடிவது, பலன் உடனே தெரிவது. ஆகவே ஒருவர் தரும் கட்டணத்தில் மற்றவருக்கும் செய்ய முடிந்தது. ஆனால் அநாதைக் குழந்தைக்கு உணவளிப்பதையோ, மரணப் படுக்கையில் இருப்பவரைப் பராமரிப்பதையோ, வாய்ப்பற்ற பிள்ளைக்குக் கல்வி கொடுப்பதையோ இவ்வாறு கணக்கிட இயலாது. அங்கே வாங்குபவர் மட்டுமே உண்டு. கொடுப்பவர் கொடுத்தே ஆக வேண்டும். ஜகாத்திற்கும் மார்க்கம் தனி விதிகளை வகுத்துள்ளது. அதைப் பெறத் தகுதியுடையோர் வரையறுக்கப்பட்டுள்ளனர். அதை முதலாக வைத்து ஆதாயம் பார்க்கும் எண்ணத்திற்கு அங்கு இடமில்லை.

ஆனால் வக்ஃபு என்னும் ஏற்பாட்டை நோக்குங்கள். மூலப்பொருள் அழியாமல் நிற்க, அதன் வருவாய் மட்டும் ஏழைகளுக்குச் செல்கின்றது. கடையை வாடகைக்கு விடுவது வணிகம், வாடகை சென்று சேரும் இடம் தர்மம். இந்த இணைப்பு நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் அதைச் செய்து காட்டினர். பல ஊர்களில் அது சீரழிந்ததற்குக் காரணம், நோக்கம் கெட்டது பாதி, ஒழுங்கு கெட்டது பாதி. சந்தை வாடகையில் பத்தில் ஒரு பங்கிற்குக் கடையைத் தெரிந்தவருக்குக் கொடுப்பது தாராள மனமன்று. அது விதவையின் பங்கையும் அநாதையின் பங்கையும் வசதி படைத்தவருக்கு அள்ளிக் கொடுப்பதாகும். வாடகையில் வணிகரைப்போல் கண்டிப்பும், வழங்குவதில் தாயைப்போல் கனிவும் வேண்டும். இவை இடம் மாறினால் இரண்டும் கெடும்.

நமக்குரிய கடமை

ஜமாஅத் பெருமக்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம் என்று கருதுகின்றோம்.

முதலாவது, நமது பைத்துல்மாலின் ஆண்டறிக்கையில் இவ்வளவு ரூபாய் செலவிட்டோம் என்று எழுதுவதோடு நில்லாமல், அதனால் எத்தனை பேரின் துன்பம் நீங்கியது, உதவி கேட்டவருக்கு எத்தனை நாளில் அது சென்றடைந்தது என்பதையும் எழுத வேண்டும். தர்மத்தின் இலாபக் கணக்கு அதுவே.

இரண்டாவது, ஜகாத் அல்லாத பொது நன்கொடையில் நாம் நடத்தும் பணிகளில், இயன்றவர் விரும்பிக் கட்டணம் செலுத்தவும், இயலாதவர் எவரும் அறியாமல் இலவசமாகப் பெறவும் ஏற்பாடு செய்யலாம். யார் எந்த வகை என்பது பொறுப்பாளர் ஒருவருக்கு மேல் தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது, கண் சிகிச்சை முகாம்களுக்கு இடம், விளம்பரம், வாகனம் ஆகியவற்றை உள்ளூர் அமைப்புகள் ஏற்றுக்கொண்டால், மருத்துவப் பணியை மருத்துவமனை செய்கின்றது. மலையடிவாரத்தில் வாழும் அனைத்துச் சமுதாய மக்களும் பயன் பெறும் வகையில் நமது ஜமாஅத் அதை முன்னின்று நடத்த வேண்டும். இருளில் இருக்கும் கண்ணுக்குச் சாதியும் இல்லை, சமயமும் இல்லை.

வணிகர் நிறைந்த சமுதாயம் நம்முடையது. எடை போடவும், தரம் பிரிக்கவும், வரவு செலவு எழுதவும் நமக்கு எவரும் கற்றுத் தர வேண்டியதில்லை. அந்தத் திறமையை நம் கடைகளோடு நிறுத்திக் கொண்டு, தர்ம காரியங்களை மட்டும் ஏனோதானோவென்று விட்டுவிடுவது முறையன்று. முடங்கிய விரல்களைக் கொண்ட ஒருவர் ஓர் இலட்சம் கண்களைத் திறந்தார். நலமான பத்து விரல்களை நமக்குத் தந்துள்ள இறைவன், அவற்றைப் பிறர் துயர் துடைப்பதில் செலுத்தும் பாக்கியத்தையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.